ரைஸ் மில் கழிவுநீர் சாம்பிள்: ரிப்போர்ட்டில் கணக்கு உதைத்தால் எங்கே தேடுவது

தை அறுவடை முடிந்து நெல் வரத்து குவிகிற மாசி, பங்குனியில் டெல்டாவின் புழுங்கல் அரிசி மில்கள் இராப்பகலாக ஓடும். ஆய்வக ரிப்போர்ட்டில் கணக்கு உதைப்பதும் அந்த மாதங்களில்தான் அதிகம். ரிப்போர்ட் வந்ததும் முதலாளி ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்) ஆபரேட்டரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார். ஆபரேட்டர் ஆய்வகத்தைக் குறை சொல்வார். நடுவில் ஒரு பாட்டில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மன்னார்குடி, நீடாமங்கலம், கும்பகோணம் பக்கத்து மில்களில் பல வருடமாகச் சாம்பிள் எடுத்து வருகிறேன். பிளான்ட்டிலும் கோளாறு இருக்கும், ஆய்வகத்திலும் இருக்கும். ஆனாலும் நான் முதலில் தேடுவது அந்தப் பாட்டில் நிரம்பிய இடத்தையும் அது போன வழியையும்தான். ரசாயனம் மாற்றுவது, புளோயர் வாங்குவது எல்லாம் அதற்கு அப்புறம்.

தேடத் தொடங்கும் முன், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்களுக்குக் கொடுத்த இசைவாணையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் போட்டிருக்கும் எண்தான் உங்களுக்குப் பொருந்தும். நாட்டின் பொது அளவுகள் 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ளன. ஆறு, வாய்க்கால் போன்ற நீர்நிலையில் விடுவதென்றால் பிஓடி (கழிவை நுண்ணுயிர் தின்னச் செலவாகும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், சிஓடி (அதையே ரசாயனத்தால் எரிக்கச் செலவாகும் ஆக்சிஜன்) 250, மிதக்கும் திடப்பொருள் 100, எண்ணெய் 10, பிஎச் (அமில, காரத் தன்மை) 5.5 முதல் 9 வரை. நிலத்துப் பாசனத்துக்கு என்றால் பிஓடி 100, திடப்பொருள் 200. ஒரே தண்ணீர் ஒரு கணக்கில் தேறும், இன்னொன்றில் தோற்கும். எங்கே விடுகிறோம் என்பதே தெளிவில்லாமல் ரிப்போர்ட்டைப் படிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி, ரிப்போர்ட்டில் தெரிகிற அறிகுறியை வைத்துப் பார்ப்போம்.

நம் சாம்பிள் எப்போதும் நன்றாக இருக்கிறது, ஆனால் வாய்க்கால் நாறுகிறது

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ரிப்போர்ட்டில் எந்தப் பிழையும் தெரியாது. பிஓடி 22, 25, 20 என்று மாதாமாதம் அழகாக வரும். அதே நேரம் கீழே வயல் வைத்திருப்பவர் வந்து, தண்ணீர் கறுத்து நுரைத்து வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். நாம் மாதம் ஒரு முறை பார்க்கும் தண்ணீரை அவர் தினமும் பார்க்கிறார்.

ஒரு மில்லில் எனக்கு விடை சொன்னவர் இரவு ஷிப்டில் பாய்லர் பார்க்கிறவர். "அண்ணே, நீங்க பத்து மணிக்கு வர்றீங்க. அப்ப தண்ணி தெளிவாத்தான் இருக்கும். நாலு மணிக்கு வந்து பாருங்க" என்றார். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்குப் போனேன். ஊறல் தொட்டிகள் இரண்டை அப்போதுதான் திறந்து வடித்துக்கொண்டிருந்தார்கள். வெந்நீரில் ஊறிய நெல்லின் புளித்த வாசனை மூக்கில் ஏறியது. டார்ச் அடித்துப் பார்த்தால், கடைசி அவுட்லெட்டில் காலையில் நான் பார்க்கிற வெளிர் மஞ்சள் தண்ணீர் இல்லை. கடுங்காப்பி நிறத்தில், மேலே தடித்த பழுப்பு நுரையுடன் வந்துகொண்டிருந்தது. ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினேன். குவளைக்கு அந்தப் பக்கம் இருந்த என் விரல் தெரியவில்லை.

ஒரு கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கழிவுநீர் வரும். அதில் பெரும்பங்கு ஊறல் தொட்டியைத் திறக்கிற ஒன்றிரண்டு மணி நேரத்தில் மொத்தமாக வந்து விழும். சமன்தொட்டி அதை வாங்கி வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சீராக அனுப்ப வேண்டும். அந்த மில்லில் சமன்தொட்டியில் பாதிக்கு மேல் தவிடும் சேறும் படிந்து கிடந்தன. இடம் இல்லாததால் வந்த தண்ணீர் அப்படியே தாண்டிப் போய்விட்டது.

இந்த மாதிரி இடத்தில் ஒரு வேளை சாம்பிளை நம்பக் கூடாது. 24 மணி நேரமும் குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்துக் கலக்க வேண்டும். கலக்கும்போதும் எல்லா வேளைக்கும் சம அளவு ஊற்றினால் தவறு. எந்த நேரத்தில் ஓட்டம் அதிகமோ அந்த நேரத்துச் சாம்பிள் அதிகம் சேர வேண்டும். கணக்குக்காக நாலு வேளை என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் மணிக்கு 2, 6, 10, 2 கன மீட்டர், பிஓடி 20, 30, 80, 20. சமமாகக் கலந்தால் 37.5 வரும். ஓட்டத்தின் விகிதத்தில் கலந்தால் 53. வாய்க்காலுக்கு உண்மையில் போனது 53தான். 2 லிட்டர் கலவை வேண்டுமென்றால் முறையே 200, 600, 1000, 200 மில்லி ஊற்றுங்கள், அவ்வளவே.

ஓட்டம் தெரிய வி-நாட்ச் (தண்ணீர் வழிய V வடிவில் வெட்டிய தடுப்பு) இருந்தால் போதும். 90 டிகிரி நாட்ச்சில் தண்ணீர் உயரம் 10 சென்டிமீட்டர் என்றால் மணிக்குச் சுமார் 15.7 கன மீட்டர் போகிறது. அதுவே 5 சென்டிமீட்டர் என்றால் 2.8 மட்டும்தான். உயரம் பாதியானால் ஓட்டம் பாதியாகும் என்று நினைத்துக் கணக்குப் போட்டவர்கள் உண்டு. ஆறில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் கூடுதல், அதுதான் சரி. அளவுகோலை நாட்ச் உதட்டில் வைக்காதீர்கள், அங்கே தண்ணீர் சரிந்து விழும். உயரத்தைப் போல நாலு மடங்காவது பின்னால் தள்ளி, மட்டம் தட்டையாக இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும்.

பிஎச், எண்ணெய், மீதக் குளோரின், கோலிஃபார்ம் (குடல் கிருமி) ஆகியவற்றைக் கலவையில் பார்க்கக் கூடாது. அவை தனித்தனி வேளைச் சாம்பிள்தான்.

இரவில் சாம்பிள் எடுப்பதால் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூடிய சம்ப்புக்குள்ளோ சமன்தொட்டிக்குள்ளோ தலையை விடாதீர்கள், இறங்கவே இறங்காதீர்கள். ஊறல் தண்ணீர் தேங்கினால் அழுகிய முட்டை வாசனையுடன் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அளவு கூடினால் மூக்கு மரத்து அந்த வாசனையே தெரியாமல் போகும், ஆபத்து போய்விட்டது என்று ஆள் நினைத்துவிடுவார். நீளக் கம்பியில் கட்டிய குவளையால் வெளியிலிருந்தே எடுங்கள், கூட ஒருவர் இருக்கட்டும். சாம்பிளுக்காக ஓர் உயிர் போகக் கூடாது.

சிஓடி உச்சத்தில், பிஓடி பாதாளத்தில்

சிஓடி 310, பிஓடி 6. முதலாளிக்குப் பிஓடி கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். எனக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், சிஓடி பாட்டிலில் கந்தக அமிலம் விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததை எல்லாப் பாட்டிலுக்கும் என்று எடுத்துக்கொண்டேன். பிஓடி என்பது நுண்ணுயிர்கள் தின்னும்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்ற அளவு. அமிலத்தில் அவை செத்துவிட்டால் தின்ன யார் இருக்கிறார்கள்? மூன்று மாத ரிப்போர்ட் அப்படியே வீணானது.

ஆகவே முதல் வேலை, ஆய்வகத்தில் மிச்சம் இருக்கும் பிஓடி பாட்டிலில் பிஎச் தாளை நனைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2-க்குக் கீழே காட்டினால் தேடல் முடிந்தது. சிஓடி, அமோனியா, எண்ணெய் ஆகியவற்றுக்குத்தான் கந்தக அமிலம், பிஎச் 2-க்குக் கீழே வரும் வரை. உலோகங்களுக்கு நைட்ரிக் அமிலம். பிஓடி, திடப்பொருள், பிஎச் மூன்றுக்கும் ஒரு சொட்டுக்கூட வேண்டாம், குளிர்ச்சி மட்டும் போதும்.

அமிலம் இல்லையென்றால் பிளீச்சிங் பவுடரைப் பாருங்கள். நாற்றம் அடிக்கிறது என்று கடைசித் தொட்டியில் யாராவது ஒரு வாளி கரைத்து ஊற்றியிருப்பார்கள். மீதக் குளோரினும் நுண்ணுயிரைக் கொல்லும். குளோரின் தாளில் நிறம் வந்தால் அதைச் சாம்பிள் சீட்டில் எழுதி அனுப்புங்கள். ஆய்வகத்தில் சோடியம் சல்ஃபைட் விட்டு நீக்கி, புது நுண்ணுயிர் சேர்த்துச் சோதிப்பார்கள்.

அதுவும் இல்லையென்றால் வெயில். பங்குனி மத்தியானத்தில் பைக் பெட்டிக்குள் ஐஸ் இல்லாமல் திருச்சி வரை போன பாட்டிலில், வழியிலேயே பாதித் தின்பண்டம் தீர்ந்திருக்கும். பிஓடி சாம்பிளை 6 டிகிரிக்குக் கீழே, உறையாமல் வைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கொடுங்கள். 48 மணி நேரம் என்பது கடைசி எல்லை. அந்த எல்லை வரை போகலாம் என்று யாரும் திட்டமிட வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நன்றாகச் சுத்திகரித்த தண்ணீரில் பிஓடி சிஓடியை விட மிகக் குறைவாக இருப்பது இயல்பு. எளிதில் மக்குவதைப் பிளான்ட் தின்றுவிட்டது, மக்காதது மட்டும் மிச்சம். சிஓடி 60, பிஓடி 8 என்றால் சந்தோஷப்படலாம். உள்ளே வரும் பச்சை ஊறல் தண்ணீரிலேயே அந்த இடைவெளி தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அதில் மாவும் சர்க்கரையுமாக இருக்கும், பிஓடி சிஓடியில் பாதிக்குக் குறையாமல் வரும்.

பிஓடி சிஓடியை விடக் கூடுதலாக வந்தால் யோசிக்க ஒன்றும் இல்லை. லேபிள் மாறிவிட்டது, அல்லது சிஓடி பாட்டிலைக் குலுக்காமல் மேல் தெளிவை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

மில்லில் பிஎச் 7.1, ஆய்வகத்தில் 5.2

இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஊறல் தண்ணீரின் சர்க்கரை பாட்டிலுக்குள்ளேயே புளித்து அமிலமாகிறது, இட்லி மாவு ஒரு ராத்திரியில் பொங்கிப் புளிக்கிற அதே சங்கதி. பிஎச் என்பது எடுத்த இடத்திலேயே, கால் மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டிய அளவு. அவுட்லெட்டில் பார்த்து, நேரத்துடன் எழுதி, அந்த எண்ணைச் சீட்டில் போட்டு அனுப்புங்கள்.

ஆனால் உங்கள் மீட்டர் சரியா? எதில் வைத்தாலும் 7 பக்கத்திலேயே நிற்கிறதென்றால் எலெக்ட்ரோடு போய்விட்டது என்று அர்த்தம். பஃபர் (பிஎச் தெரிந்த தரக்கரைசல்) கைவசம் இல்லாத நேரத்தில் நான் செய்வது, மில் அடுக்களையில் கொஞ்சம் புளி வாங்கிக் கரைத்து வைத்துப் பார்ப்பது. 4-க்குக் கீழே இறங்க வேண்டும். அப்புறம் சமையல் சோடா கரைசல், 8-க்கு மேல் ஏற வேண்டும். இரண்டிலும் அசையாத மீட்டரை வைத்துக்கொண்டு சாம்பிள் எடுக்கப் போகாதீர்கள். இது உயிர் இருக்கிறதா என்று நாடி பார்ப்பது மட்டும்தான். எண்ணை நம்ப வேண்டுமென்றால் 4, 7, 9.2 பஃபர்களில் அன்றன்றே சரிபார்க்க வேண்டும். ஒரு முறை ஊற்றிய பஃபரை மறுபடி பாட்டிலுக்குள் ஊற்றுவது பல இடங்களில் பழக்கமாக இருக்கிறது, அது கூடவே கூடாது. எலெக்ட்ரோடை டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போடுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

கோடையில் எதிர்ப்பக்கமும் நடக்கும். மேட்டூர் ஜனவரி 28-ல் மூடினால் ஜூன் 12 வரை வாய்க்காலில் முறைத் தண்ணீர் கிடையாது. அவுட்லெட்டுக்குக் கீழே நம் தண்ணீர் மட்டும் குட்டையாகத் தேங்கிப் பச்சைப் பாசி பிடிக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தக் குட்டையில் பிஎச் 9-ஐத் தாண்டும், காலையில் பார்த்தால் 8-க்குள் இருக்கும். வெயிலில் பாசி கரியமிலத்தை இழுத்துக்கொள்வதுதான் காரணம். திடப்பொருளும் பாசியால் ஏறிக் காட்டும். குழாய் வாயில் விழுகிற தண்ணீரைப் பிடியுங்கள், குட்டையில் மொள்ளாதீர்கள்.

திடப்பொருள் ஒரு மாதம் 40, அடுத்த மாதம் 260

எடுத்த ஆளை நேரில் எடுத்துக்காட்டச் சொல்லுங்கள், பாதி விடை கிடைத்துவிடும். குவளை தரையில் உரசி வண்டலைக் கிளப்பியிருக்கும், பக்கச் சுவர்ப் பாசியைச் சுரண்டியிருக்கும். ஓட்டத்தின் நடுவில், பாதி ஆழத்தில், வாய் ஓட்டத்தை எதிர்நோக்கியிருக்கப் பிடிக்க வேண்டும். வாய்க்காலில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பிடிக்கும் இடத்துக்குக் கீழ்ப்பக்கம் நில்லுங்கள். மேல்பக்கம் நின்றால் காலடிச் சேறு பாட்டிலுக்குள் வரும்.

பெரிய வாளியில் எடுத்துப் பாட்டில்களுக்குப் பிரிக்கிறவர்கள், முதல் பாட்டிலை முழுக்க நிரப்பிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். கலக்கிக்கொண்டே எல்லாப் பாட்டிலிலும் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மறுபடி, பிறகு மறுபடி என்று சுற்றி வாருங்கள். இல்லாவிட்டால் கடைசிப் பாட்டிலுக்கு அடிவண்டல் மொத்தமும் போகும்.

ரைஸ் மில்லுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு, வெளியூர் ஆய்வகத்தாருக்கு இது தோன்றாது. உமி எரிக்கும் பாய்லரின் கறுப்புச் சாம்பல். ஆடிக் காற்றில் அது பறந்து திறந்த அவுட்லெட் தொட்டியில் படியும். வடிதாளில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தனவா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். தெரிந்தன என்றால் பிளான்ட்டில் தேட வேண்டாம், கடைசி வாய்க்காலுக்குச் சிமெண்ட் பலகை மூடி போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் ரிப்போர்ட் திடீரென்று பிரமாதம்

நெல் அதே நெல், பிளான்ட் அதே பிளான்ட். ஆனால் பிஓடி 12. டெல்டாவில் சாம்பிள் எடுக்கிறவர் மறக்கக் கூடாத அறிகுறி இது. நம் நிலம் தட்டை. வடகிழக்குப் பருவமழையில் வடிகால் நிறைந்தால் தண்ணீர் கடலுக்கு ஓடாமல் எதிர்த்து ஏறும். கடைமடைப் பக்கம் நாலு நாள்கூட அப்படியே நிற்கும். அவுட்லெட் குழாய் மூழ்கி, வி-நாட்ச் மூழ்கி, நீங்கள் மொள்வதில் பெரும்பங்கு வாய்க்கால் தண்ணீராகிவிடும்.

கண்டுபிடிக்க மின்கடத்துதிறன் மீட்டர் ஒன்று போதும், தண்ணீரில் உப்பு கூடினால் அந்த எண்ணும் கூடும். ஓர் உதாரணம் பாருங்கள். வழக்கமாக உங்கள் அவுட்லெட் 1900, வாய்க்கால் 450 மைக்ரோசீமன்ஸ். இன்றைக்கு அவுட்லெட்டில் 800 காட்டுகிறது. 800-லிருந்து 450 போனால் 350. 1900-லிருந்து 450 போனால் 1450. 350-ஐ 1450-ஆல் வகுத்தால் 0.24. அதாவது பாட்டிலில் கால் பங்குதான் உங்கள் தண்ணீர். வாய்க்காலின் பிஓடி 3 என்றால், அந்த 12-க்குப் பின்னால் உங்கள் உண்மையான தண்ணீர் சுமார் 40. அளவைத் தாண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கை ரிப்போர்ட்டில் போட முடியாது, உங்களுக்குத் தெரிவதற்காகத்தான். செய்ய வேண்டியது, எதிர்த்து வரும் தண்ணீர் எட்டாத இடத்தில், கடைசித் தொட்டியின் உள் வழிவில் எடுத்து, இடத்தையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுதுவது. நிரந்தரத் தீர்வு, குழாய் வாயில் ஒருவழிக் கதவு போட்டு நாட்ச்சை உயர்த்திக் கட்டுவது. மழையில் தப்பித்தோம் என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கிறது. சம்பா பயிர் தண்ணீரில் நிற்கிற மாதங்கள் அவை. நாம் விடுவது அந்தப் பயிர் வேரில்தான் போய் நிற்கும்.

சில இடங்களில் போர்வெல் தண்ணீரை அவுட்லெட்டில் திறந்துவிட்டு எடுங்கள் என்று கேட்கிறார்கள். நான் எடுக்க மாட்டேன். எடுத்தால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு பிளான்ட்டில் எதையும் திருத்தவும் முடியாது.

டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 2100-ஐத் தாண்டுகிறது, பிளான்ட்டில் என்ன செய்தும் குறையவில்லை

குறையாது. நுண்ணுயிர் உப்பைத் தின்னாது. இசைவாணைகளில் வழக்கமாகக் காணும் 2100 என்ற எல்லை நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீராலேயே உடைந்துவிடும். அவுட்லெட்டோடு சேர்த்துப் போர்வெல் சாம்பிளும் ஒன்று எடுங்கள். உள்ளே வருவதே 1800 என்றால் பேச்சு வேறு. ஆர்ஓ கழிவு எங்காவது வந்து கலக்கிறதா என்றும் பாருங்கள்.

எண்ணே சந்தேகமாக இருந்தால் கடத்துதிறனோடு ஒப்பிடுங்கள். டிடிஎஸ் வழக்கமாக அதன் 0.55 முதல் 0.7 மடங்குக்குள் வரும். கடத்துதிறன் 3000 என்றால் 1650 முதல் 2100. அங்கே 900 என்று ரிப்போர்ட் வந்தால் பாட்டில் மாறியிருக்கிறது.

கடலோர மில்லில் சிஓடி காரணமில்லாமல் ஏறினாலும் உப்பைச் சந்தேகப்படுங்கள். அந்தச் சோதனையில் குளோரைடும் ஆக்சிஜனேற்றம் ஆகி எண்ணை ஏற்றிவிடும். மெர்குரிக் சல்ஃபேட் சேர்த்து அதைத் தடுப்பார்கள், குளோரைடு 2000-ஐத் தாண்டினால் அதுவும் போதாது. குளோரைடு அளவைச் சீட்டில் எழுதி அனுப்பினால் அவர்கள் கவனமாக இருப்பார்கள்.

எண்ணெய் எப்போதும் "கண்டறியப்படவில்லை"

பிளாஸ்டிக் பாட்டிலா? எண்ணெய் அதன் சுவரில் ஒட்டிக்கொண்டது. அகல வாய்க் கண்ணாடி பாட்டிலில், நேராக அவுட்லெட்டிலிருந்தே பிடிக்க வேண்டும். மற்றப் பாட்டில்களைச் சாம்பிளாலேயே மூன்று முறை அலசுவோம். இதை அலசக் கூடாது, வாளியிலிருந்தும் ஊற்றக் கூடாது.

ஆய்வகம் சாம்பிளை வாங்க மறுக்கிறது

பெரும்பாலும் லேபிள், ஐஸ், நாள் மூன்றில் ஒன்று. பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய லேபிள் ஐஸ் தண்ணீரில் நீலக் கறையாகி, எது இன்லெட், எது அவுட்லெட் என்று தெரியாமல் போகும். பென்சிலில் எழுதி மேலே செலோடேப் ஒட்டினால் போதும். மீன் ஐஸ் நம் பக்கம் எளிதில் கிடைக்கிறது, தெர்மாகோல் பெட்டியும் அங்கேயே கிடைக்கும். ஆனால் உடைத்த ஐஸை அப்படியே கொட்டினால் உருகிய தண்ணீர் மூடி வழியாக உள்ளே போகும். ஐஸைப் பாலிதீன் பையில் கட்டிப் போடுங்கள், பாட்டில்கள் நிமிர்ந்து நிற்கட்டும்.

நாள் விஷயம். இந்தியாவில் பிஓடி 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்க்கப்படுகிறது. வியாழக்கிழமை சோதனைக்கு வைத்தால் ஞாயிற்றுக்கிழமை எண் எடுக்க வேண்டும், அன்றைக்கு ஆள் இருக்க மாட்டார். என் கணக்கில் திங்களும் செவ்வாயும்தான் நிம்மதியான நாட்கள்.

இரண்டு ஆய்வகம், இரண்டு எண்

ஒன்று 28, மற்றது 33. சண்டைக்குப் போகாதீர்கள். பிஓடி அவ்வளவு கூர்மையான அளவு அல்ல. குளுக்கோஸும் குளூட்டாமிக் அமிலமும் நிறுத்துக் கலக்கிச் சோதிக்கும் தரக்கரைசலிலேயே 198 வர வேண்டிய இடத்தில் 30.5 கூடவோ குறையவோ வந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். அதனால்தான் பிளான்ட்டை 29-ல் ஓட்டாதீர்கள், 20-ஐக் குறியாக வையுங்கள் என்று ஆபரேட்டர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

28-க்கு 70 என்று வந்தால் அது வேறு. இரண்டு பாட்டிலும் ஒரே வாளியிலிருந்து, ஒரே நிமிடத்தில் போனவையா? இல்லையென்றால் ஒப்பிடவே முடியாது. போனவைதான் என்றால் அடுத்த முறை ஒரே சாம்பிளை இரண்டாகப் பிரித்து, வேறு வேறு எண் ஒட்டி, ஒரே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதிலும் இரண்டு எண்ணும் ஒட்டவில்லை என்றால் அவர்களிடம் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். ஒட்டினால் உங்கள் வாளிப் பக்கம் திரும்புங்கள்.

நம் ரிப்போர்ட் தேறுகிறது, வாரியம் எடுத்த சாம்பிள் தோற்கிறது

மேலே சொன்ன நாலு மணி விவகாரத்தை முதலில் பாருங்கள், அநேகமாக அதுதான். அது இல்லையென்றால் எடுத்த முறையைப் பார்க்கலாம். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம் 21-ஆம் பிரிவில் முறையைத் தெளிவாக வைத்திருக்கிறது. சோதனைக்கு அனுப்பப் போவதாக அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நிர்வாகத்தின் ஆள் முன்னிலையில் சாம்பிளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு பாட்டிலிலும் குறியிட்டு, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது பாட்டிலையும் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த இடத்திலேயே, எழுத்தில் கேளுங்கள்.

முதலாளி பின்கேட் வழியாகப் போய்விட்டால் தப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டுமென்றே விலகினாலும் அதிகாரி தாமே சீல் வைத்துக் கையெழுத்திட்டு அனுப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது. விலகிப் போனவருக்கு இழப்பு என்னவென்றால், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்தக் குவளையில் எடுத்தார்கள் என்று பிறகு சொல்ல ஆள் இல்லாமல் போவதுதான்.

ஆகவே பக்கத்தில் நில்லுங்கள். நேரம், ஓட்ட உயரம், பிஎச், கடத்துதிறன், எந்தத் தொட்டி வடிந்துகொண்டிருந்தது என்பதைப் பதிவேட்டில் எழுதுங்கள். அதே வாளியிலிருந்து உங்களுக்கும் ஒரு பாட்டில் கேட்டு வாங்கி, கொடுக்காவிட்டால் அதே இடத்தில் அடுத்த நிமிடமே பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆபீஸ் மேசையில் வைத்த பாட்டில் எதற்கும் உதவாது.